மூன்றாவது காயில்

மெக்கர் என்ற பேர் எங்கள் காதில் முதலில் விழுந்தது ஒரு கல்யாணப் பேச்சில். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எங்கள் சின்ன அத்தையின் மூத்த மகள், ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் நுனியில் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"பொண்ணு மோட்டார் ஒர்க்‌ஷாப்புல காயில் சுத்துறா. பத்து வருஷமா அதே இடமாம்."

"நல்லதுதானே. பேரு என்ன?"

"வீட்ல வச்ச பேரு ஒண்ணு இருக்கு. ஆனா பெத்தவங்களே இப்ப மெக்கர்னுதான் கூப்பிடுறாங்க."

"அது என்ன பேரு?"

"ஒரு பெட்டியாம். கரண்டு லீக் ஆகுதான்னு பாக்குற பெட்டி."

"பொண்ணுக்குப் பெட்டி பேரா?"

"அதான் ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல."

பெட்டி உண்மைதான். டிபன் டப்பா அளவு இருக்கும். பக்கத்தில் ஒரு கைப்பிடி, முகத்தில் ஒரு முள், வாலில் இரண்டு ஒயர். ஒரு ஒயரை மோட்டாரின் காயிலிலும் இன்னொன்றை மோட்டாரின் உடம்பிலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் ஐந்நூறு வோல்ட் உள்ளே போகும். முள் கோடி வரைக்கும் ஏறி நின்றால் காயில் சுத்தம். விழுந்தால் எங்கோ கசிகிறது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், அவசரத்தில் இந்தப் பெட்டியை வைத்துப் பார்க்காமல் ஒரு லாண்டரிக்காரரின் மோட்டாரை அவள் அனுப்பிவிட்டாள். அவர் ஈரத் தரையில் நின்று சுவிட்சைப் போட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் அதே தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரம் அவர் வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. நல்ல மனுஷன், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அன்றிலிருந்து எந்தக் காயிலும் பெட்டி வைக்காமல் அவள் மேஜையை விட்டு இறங்கியதில்லை. மோட்டார், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, பக்கத்து வீட்டு அழைப்பு மணி. எதைக் கண்டாலும் இரண்டு கிளிப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

தன் கல்யாணத்திலும் கிளம்பினாள்.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு அக்கா. மெக்கருக்கு அவள் நாத்தனார். கல்யாண மண்டபங்களில் வாசிக்கிற பேண்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவள். தம்பி கல்யாணம் என்பதால் அன்றைக்கு ஒரு பாட்டும் பாடினாள். சொந்தம் மொத்தமும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் மணப்பெண் மேடை நாற்காலியிலிருந்து எழுந்தாள், நேராகப் போனாள், நாத்தனாரின் ஆம்பிளிஃபயர் பிளக்கைப் பிடுங்கினாள்.

"எர்த் இல்ல," என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

அவள் சொன்னது சரி. சுவரிலிருந்த பிளக் பாயிண்டில், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த் ஒயரே கிடையாது என்று மண்டபத்து எலெக்ட்ரீஷியன் பிற்பாடு ஒத்துக்கொண்டான். ஆனால் கல்யாண வீட்டில் எர்த் பக்கம் யார் நிற்பார்கள்? மணப்பெண் கால் வைத்ததும் நாத்தனாரின் வாயை அடைத்துவிட்டாள் என்று பேச்சாகிவிட்டது. அன்றிலிருந்து ஆறு வருஷம் நாத்தனார் மெக்கரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருவாள், உட்காருவாள், டீ குடிப்பாள். எல்லாம் தம்பி வழியாக.

"தம்பி, சர்க்கரை கம்மியா இருக்குன்னு சொல்லு."

"சர்க்கரை கம்மியாம்."

"அண்ணி சர்க்கரையைக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க, அதைச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லக்கா, சர்க்கரை வருது."

தம்பிக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. வீடு வீடாகப் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாசலில் கிடைக்கிற திட்டை வாங்கிக்கொண்டு திரும்புவது. இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்வது அவனுக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் கிட்டாரையும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"தம்பி, என் பொழப்பு போகப்போகுது."

விஷயம் இதுதான். அவள் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே மூன்று காயில். கம்பி அதிர்வதை அந்தக் காயில்கள்தான் பிடித்து ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும். பழைய காலத்து ஒற்றைக் காயில்கள். கம்பியின் சத்தத்தோடு டியூப் லைட், விளக்கைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி, சுவருக்குள் ஓடுகிற ஒயர் எல்லாவற்றின் சத்தத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். வாசிக்காமல் சும்மா நின்றாலும் "ஊங்" என்று ஒரு இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட பக்கமாகத் திரும்பி நின்றால் அது குறையும். மண்டபத்துக்கு மண்டபம் அந்தப் பக்கம் மாறும். இருபத்திரண்டு வருஷமாக நாத்தனார் மேடை ஏறியதும் முதலில் ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பாள். பல கல்யாணங்களில் அது மணமக்களுக்கு முதுகு காட்டுகிற பக்கமாக அமைந்துவிட்டது.

இப்போது பேண்ட் மாஸ்டருக்கு ஒரு விளம்பரப் பாட்டு வந்திருந்தது. ஒரு மெத்தைக் கம்பெனிக்கு. தூக்கத்தைப் பற்றிய பாட்டு. வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங்.

"தூங்குற பாட்டுல ஊங்னு கேட்டா எவன் மெத்தை வாங்குவான்னு கேக்குறாரு. சத்தம் இல்லாம வா, இல்லன்னா தன் அக்கா மாப்பிள்ளை வாசிக்கட்டும்ங்கிறாரு. வெள்ளிக்கிழமை அவன் உக்காந்தா அப்புறம் எங்க எந்திரிக்கப் போறான்? மண்டபமும் அவனுக்குத்தான்."

இரைச்சல் போடாத காயில் மூன்றை அவள் வாங்கி வைத்திருந்தாள். மாட்டிக் கொடுக்க ஆள் இல்லை. ஊரில் கிட்டார் பழுது பார்க்கிற ஒருவர் ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

"உன் வீட்ல காயில் சுத்துற ஆளு ஒருத்தி இருக்கால்ல," என்று மெக்கரைப் பார்க்காமல் சொன்னாள். "முடியுமான்னு கேளு."

மெக்கர் ஏற்கெனவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டாள்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினாள். முகத்துத் தகட்டில் பதினொரு ஸ்க்ரூ. எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் ஒரு தட்டில் அடுக்கினாள். பழைய காயில்களைச் சூடு காட்டி எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு புதிய காயிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே பார்க்கப் பழையதைப் போலவே இருந்தது. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காயில். இரண்டும் எதிர் எதிர்த் திசையில் சுற்றியவை. காற்றில் வருகிற இரைச்சலை இரண்டும் பிடிக்கும், திசை மாறி இருப்பதால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கம்பிக்குப் பக்கத்தில் இருப்பது மேல் காயில் என்பதால் பாட்டு மட்டும் மிஞ்சும்.

"எவனோ நல்லா யோசிச்சிருக்கான்," என்றாள் கணவனிடம். இந்தப் பதினாறு வருஷத்தில் வேறு ஒரு ஆளின் காயிலைப் பற்றி அவள் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

நாத்தனார் உள்ளறையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மெக்கர் ஈயம் வைக்கத் தயாரானாள். காயில் என்று ஒன்று மேஜையில் இருக்கிறது, அது மேஜையை விட்டு இறங்கப் போகிறது. கை தானாகப் பெட்டியை எடுத்துவிட்டது. ஒரு கிளிப் காயில் ஒயரில், ஒரு கிளிப் காயிலின் நடுவே நிற்கிற காந்தத் துண்டில். கைப்பிடியைச் சுற்றினாள். முதல் காயில்: முள் கோடிக்கு ஏறியது. இரண்டாவது காயில்: ஏறியது. மூன்றாவது காயில்: ஏறியது, நின்றது, பிறகு வகுப்பில் தூங்குகிற பிள்ளையின் தலை மாதிரி மெதுவாகக் கீழே விழுந்தது.

மோட்டார் ஒயர் நூல் கனம் இருக்கும், ஐந்நூறு வோல்ட்டைத் தாங்கும். இந்த ஒயர் தலைமுடியை விட மெல்லியது. அதன் மேல் பூச்சு அதைவிட மெல்லியது. இது அவளுக்குத் தெரியாததல்ல. முள் விழுந்த பிறகு நன்றாகவே தெரிந்தது.

சின்ன மீட்டரை வைத்துப் பார்த்தாள். மேல் காயில் உயிரோடு இருந்தது. போனது கீழ்க் காயில். இரைச்சலைத் தின்ன வேண்டியது எதுவோ அதுதான் போயிருந்தது. அதுவும் நாத்தனார் எல்லாப் பாட்டுக்கும் வாசிக்கிற, கடைசியில் இருக்கிற காயிலில்.

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

"கம்பெனிலயே கெட்டு வந்துச்சுன்னு சொல்லிரலாம்," என்றான் மெதுவாக. "அக்காவுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன்."

"நீங்க எதையும் சொல்ல வேணாம்," என்று எழுந்து உள்ளறைக்குப் போனாள் மெக்கர்.

"அண்ணி, மூணாவது காயில் போச்சு."

ஆறு வருஷத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தம்பி, இவ என்ன சொல்றா?"

"காயில் போச்சாம்க்கா."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல அண்ணி, இங்கதான் இருக்கு. நான் மெக்கர் வச்சேன். தாங்கல."

நாத்தனார் விரல் விட்டு நாளை எண்ணினாள். கடையில் இன்னொன்று வர மூன்று வாரம் ஆகும் என்று முன்னமே கேட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

"தம்பி, இவகிட்ட கேளு. எங்க குடும்பத்துல நான் வாசிக்கிறது எதையாவது இவ விட்டு வைப்பாளா?"

தம்பி அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"சுத்திடலாம் அண்ணி," என்றாள் மெக்கர். "வெள்ளிக்கிழமைக்குள்ள. ஆனா ஒயர் வேணும். இவ்வளவு சின்ன ஒயர் எங்க ஒர்க்‌ஷாப்புல கிடையாது. உங்க பழைய காயில்ல இருக்கு."

"அதையும் பிரிச்சிருவியா?"

"ஒண்ணே ஒண்ணு."

நாத்தனார் அப்போதுதான் மெக்கரை நேராகப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்துக் காயில். அதைப் பிரித்துவிட்டால் பழைய இரைச்சலோடு வாசிக்கிற வழியும் அடைபட்டுவிடும்.

"பிரி," என்றாள்.

திங்கள்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஜன்னலோரத்தில் மெக்கரின் மேஜை, மேலே கையால் சுற்றுகிற காயில் மெஷின், அதில் எத்தனை சுற்று என்று காட்டுகிற எண் சக்கரம். ஒர்க்‌ஷாப் முதலாளி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவர் மற்ற நாட்களில் உள்ளே போய்ச் சாப்பிடுகிறவர்.

செத்த காயிலை மெக்கர் பிரித்தாள். எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்று முதலில் பென்சிலால் அம்பு போட்டுக்கொண்டாள். மெழுகில் தோய்த்த ஒயர் என்பதால் முழம் முழமாக அறுந்து வந்தது. எதற்கும் உதவாது. எண்ணிக்கை மட்டும் தேறியது: ஐயாயிரத்து இருநூறு சுற்று. பழைய காயிலில் மெழுகு கிடையாது. செய்தவன் சிக்கனக்காரன். அதனால் ஒயர் சுலபமாகக் கழன்று வந்தது.

"அண்ணி, பழைய காயிலை இந்தப் பென்சில்ல மாட்டி நீங்க பிடிச்சுக்கணும். நான் இங்க சுத்தச் சுத்த அது அங்க தானா உருளணும். இழுத்தா அறும். விட்டா சிக்கும்."

"எந்தக் கையால பிடிக்கணும்?"

"வலது கை. உங்க இடது கை விரலு கம்பி அழுத்தி அழுத்திக் காய்ச்சுப் போயிருக்கு. அதுக்கு இந்த ஒயர் இருக்கிறதே தெரியாது."

நாத்தனார் தன் இடது கை விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அவற்றை இந்தக் குடும்பத்தில் ஒருவரும் கவனித்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒயர். வெயில் பட்டால் மட்டும் மின்னும். முந்நூறு சுற்று ஒழுங்காகப் போயிற்று.

"அன்னைக்கு நீ மட்டும் பாட்டு முடியற வரைக்கும் பொறுத்திருந்தா..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். விரல் இறுகியது. ஒயர் அறுந்தது.

மெக்கர் இரண்டு நுனியையும் சுரண்டி, முறுக்கி, ஊசி முனையளவு ஈயம் வைத்து ஒட்டினாள். அதற்குக் கால் மணி நேரம். மறுபடி ஆரம்பித்தார்கள். எண்ணூறில் மெக்கர், "பொறுத்திருந்தா உங்க தம்பி பேப்பர்ல உங்க போட்டோ போட்டிருக்கணும், கறுப்புக் கட்டம் கட்டி," என்றாள். சொல்லும்போது கை வேகமாகிவிட்டது. அறுந்தது. மூன்றாவது தடவை அறுந்தது கணவனால். மீட்டர் பார்க்கிற வழியில் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டான். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

"உனக்கு வேலை இல்லையாடா?" என்றாள் அக்கா.

"வீட்டுக்குப் போங்க," என்றாள் மனைவி.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சண்டை போடலாம், ஆனால் உடம்பு அசையக் கூடாது. உடம்பு அசையாமல் இருக்கக் குரல் ஏறக் கூடாது. ஆகவே ஆறு வருஷத்துச் சண்டை முழுவதையும், பஸ் நேரம் வாசிக்கிற குரலில் போட்டார்கள்.

"எல்லார் முன்னாடியும் பிடுங்கினே."

"பிடுங்கினேன், அண்ணி."

"ரெண்டாவது சரணம்."

"எனக்குப் பாட்டு தெரியாது. உங்க உதடு மைக்ல பட்டப்ப கண்ணு சொருகிச்சு. அதுதான் தெரிஞ்சுது."

"உருகிப் பாடுறேன்னு எல்லாரும் நினைச்சாங்க."

"நான் நினைக்கல."

"எனக்கே சுருக்குனு இருந்துச்சு. மேடை பயம்னு நினைச்சேன்."

"அப்பவே பதினாறு வருஷமா வாசிக்கிறவங்களுக்கு என்ன மேடை பயம்?"

"தம்பி கல்யாணமாச்சே," என்றாள் நாத்தனார். பென்சிலில் காயில் உருண்டுகொண்டே இருந்தது. "அப்புறமாவது வந்து சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே. மறுநாளே உங்க தம்பிகிட்ட சொல்லி அனுப்பினேன். உங்க உசுரு போயிருக்கும், அதான் பிடுங்கினேன், மன்னிச்சிக்கச் சொல்லுங்கன்னு."

"அவன் வந்து, 'எர்த் இல்லயாம்க்கா'ன்னு மட்டும் சொன்னான்."

மெஷின் நாலு சுற்று சுற்றியது.

"நானும் ஒண்ணு சொல்லி அனுப்பினேன்," என்றாள் நாத்தனார். "அடுத்த மாசம். வேற ஆம்பிளிஃபயர் வாங்கிட்டேன், வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுன்னு."

"எனக்கு வந்து சேரல."

முதலாளி சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எண் சக்கரம் ஐயாயிரத்து இருநூறு காட்டியதும் மெக்கர் கையை எடுத்தாள். அன்றைக்கு ஒரு தடவை கூட அறுந்திருக்கவில்லை.

மோட்டார் காயிலாக இருந்தால் வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்திருப்பாள். இதற்கு வெள்ளை மெழுகுவர்த்தியைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி அதில் காயிலை முக்கி எடுத்தாள். புதன்கிழமை மூன்றையும் கிட்டாரில் வைத்து ஈயம் வைக்க உட்கார்ந்தபோது மெக்கர் அங்குமிங்கும் தேடினாள்.

"பெட்டியைக் காணோமே."

"என் கீழ இருக்கு," என்றாள் நாத்தனார். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றாவது ஸ்க்ரூ இறங்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெக்கர் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனாள். ரெக்கார்டிங் அறையில் தலைக்கு மேலே ஆறு டியூப் லைட். தரையெல்லாம் ஒயர். வெளியே நடைவழிப் பெஞ்சில் பேண்ட் மாஸ்டரின் அக்கா மாப்பிள்ளை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரெக்கார்டிங்காரரின் பின்னால் மெக்கர் நின்றாள். நாத்தனார் ஒயரைச் சொருகினாள். சொருகியதும் பழக்க தோஷத்தில் சுற்ற ஆரம்பித்தாள், தன் பக்கத்தைத் தேடி. மாஸ்டருக்கு முதுகு காட்டினாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி மாஸ்டரையே பார்த்து நின்றாள். எந்தப் பக்கமும் சத்தம் இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் அறை நடுவில் நின்றாள்.

"ஆன் பண்ணியாச்சா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"பண்ணியாச்சு."

"கடைசிக் காயிலைப் போடுங்க," என்றார் ரெக்கார்டிங்காரர்.

போட்டாள். ரெக்கார்டிங்காரர் திருகுகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். மாஸ்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து ஹெட்ஃபோனை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். நெற்றியைச் சுருக்கினார். நல்ல சேதி வரப்போகிற முகமாக இருந்தது, அவருக்கு.

"ஏதோ லேசா இருக்கு. உர்ர்ர்னு."

"அது ஏசி," என்றார் ரெக்கார்டிங்காரர்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். மாஸ்டர் இன்னும் இரண்டு நிமிஷம் கேட்டார். அறை சூடாகிக்கொண்டு வந்தது. அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது.

"இப்ப டக் டக்னு ஒண்ணு வருதே."

ரெக்கார்டிங்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "அது அக்கா காலால தாளம் போடுறாங்க."

இருபத்திரண்டு வருஷமாகப் போட்ட தாளம். இரைச்சலுக்குள் அது யார் காதிலும் விழுந்ததில்லை. மெக்கர் தன் தோளில் கிடந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய், குனிந்து நாத்தனாரின் காலுக்குக் கீழே வைத்தாள்.

"இப்ப போடுங்க அண்ணி."

மாஸ்டர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தார். "ஏசியைப் போடுங்க," என்றார். பிறகு நடைவழிக்குப் போய் அக்கா மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். அவர் டீ வரும் வரைக்கும் இருந்து, குடித்துவிட்டுப் போனார்.

மெத்தைப் பாட்டு மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. அரை நிமிஷப் பாட்டுதான். அதில் கிட்டார் வருகிற இடத்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் நாத்தனார் போன் போட்டுத் தனித்தனியாகச் சொன்னாள். காயில் யார் சுற்றியது என்பதையும் சொன்னாள். யார் கெடுத்தது என்பதையும் விடவில்லை. பேண்டில் அவள் இடம் அவளிடமே இருக்கிறது. மண்டபங்களில் இப்போது மணமக்களைப் பார்த்து நின்று வாசிக்கிறாள். காலுக்குக் கீழே ஒரு துண்டு இருக்கும்.

தம்பிக்கு வீட்டில் வேலை குறைந்துவிட்டது. இருவரும் நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

போன வருஷம் நாத்தனார் வீட்டு மாடி காலியானது. மெக்கரும் அவள் கணவனும் இப்போது அங்கேதான் குடியிருக்கிறார்கள். காலை எட்டரைக்கு அவள் அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறாள். ஆறு மணிக்குத் திரும்புகிறாள்.